காசு மாலையில் வெனிஸ் நகரம்

கல்யாண மாதத்தில் தாம்பரத்திலோ குரோம்பேட்டையிலோ ஒரு நகைக் கடைக்குள் போய்ச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். பழைய நகைகள் ஒவ்வொன்றாகத் தராசுத் தட்டில் ஏறுவதைப் பார்க்கலாம். "இதெல்லாம் பாட்டி காலத்து நகை, இப்போது யார் போட்டுக்கொள்கிறார்கள்? புதிதாக ஏதாவது காட்டுங்கள்" என்பார், கொண்டுவந்த அம்மாள். கடைக்காரர் உரைத்துப் பார்ப்பார், நிறுப்பார், அழுக்கு, அரக்கு என்று கொஞ்சம் கழிப்பார். நகை உள்ளே போய்விடும். அப்புறம் அது நகையாயிராது. மூசையில் உருகிக் கட்டித் தங்கமாகத்தான் வெளியே வரும்.

இப்படி உருகிப் போகிறவற்றில் காசு மாலைகளும் உண்டு. மாலை எத்தனை பவுன் என்று எல்லோரும் கேட்கிறார்கள். அதில் கோத்திருப்பது எந்த நாட்டுக் காசு, எந்த நூற்றாண்டுக் காசு என்று கேட்கிறவர்களைக் காண்பது அரிது. ஐரோப்பாவில் நாணயம் சேகரிக்கும் தனவந்தர்கள் ஏலத்தில் போட்டியிட்டு வாங்கும் பொற்காசுகளில் ஒரு வகை, நம் நாட்டில் துளையிடப்பட்டு, வளையம் பற்றவைக்கப்பட்டு, பெண்மணிகளின் கழுத்தில் தலைமுறை தலைமுறையாகக் கிடந்திருக்கிறது என்று சொன்னால் நேயர்களிற் சிலருக்கு வியப்பாயிருக்கக்கூடும். அந்த வகைதான் வெனிஸ் நகரத்து டுக்காட்.

இத்தாலி தேசத்தில், கடலுக்குள்ளேயே வீடு கட்டிக்கொண்டு, வாய்க்கால்களையே தெருக்களாக வைத்துக்கொண்டு வாழ்ந்த வியாபாரிகளின் குடியரசு வெனிஸ். அங்கே 1284-ஆம் வருஷம், ஜியோவானி டாண்டோலோ என்பவர் தலைவராயிருந்தபோது, இந்தக் காசை முதல் முதலாக அடித்தார்கள். எடை மூன்றரைக் கிராம் அளவு. பொன்னோ நூற்றுக்கு 99 பங்குக்கும் மேல். அதாவது, அக்காலத்தில் மனிதர் கைக்கு எட்டிய அளவில் சுத்தத் தங்கம். 1797-இல் நெப்போலியன் படையெடுத்து அந்தக் குடியரசையே முடித்து வைத்தான். அதுவரையில் ஐந்நூறு வருஷங்களுக்கு மேலாக எடையும் மாறவில்லை, மாற்றும் குறையவில்லை, சித்திரமும் ஏறக்குறைய அப்படியே இருந்தது. ராஜாங்கத்துக்குப் பணமுடை வந்தபோதெல்லாம் காசில் செம்பைக் கலந்து குடிகளை ஏமாற்றிய மன்னர்கள் எத்தனையோ பேர். வெனிஸ் வியாபாரிகள் அதைச் செய்யவில்லை. இது தர்ம சிந்தனையால் விளைந்தது என்று சொல்ல மாட்டேன். காசின் பேர் கெட்டால் மிளகு கிடைக்காது என்பது அவர்களுக்கு நன்றாய்த் தெரியும்.

காசின் ஒரு பக்கத்தில் வெனிஸ் நகரின் காவலரான புனித மாற்கு நிற்கிறார். அவருக்கு முன் 'டோஜ்' எனப்படும் குடியரசுத் தலைவர் முழந்தாளிட்டிருக்கிறார். இருவருக்கும் நடுவே, கொடி கட்டிய நீண்ட கோல் ஒன்று. ஞானியின் கையிலிருந்து தலைவர் அதைப் பெற்றுக்கொள்கிறார். மறு பக்கத்தில், நட்சத்திரங்கள் சூழ்ந்த நீள்வட்டத்துக்குள் கிறிஸ்து. சுற்றிலும் லத்தீன் எழுத்துக்கள்.

இந்தக் காசு தமிழ்நாட்டுக்கு வந்தது. நம் ஜனங்கள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். லத்தீனும் தெரியாது, மாற்கும் தெரியாது, டோஜும் தெரியாது. நேராய் நிற்கும் ஒரு நெடிய கோல். அதன் அடியில் முழங்காலை மடித்து, கோலைக் கையால் பற்றியிருக்கும் ஒரு மனிதன். இது என்ன? பனையேறுகிறவன்தான், வேறென்ன! பனையேறும் மக்களை அந்நாளில் குறித்த சொல்லை வைத்து, 'சாணார் காசு' என்றே இதற்குப் பெயர் சூட்டிவிட்டார்கள். (அந்தச் சொல்லை அச்சமூகத்தார் பின்னர் மறுத்துப் போராடினார்கள், 1921-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கில் 'நாடார்' என்ற பெயர் ஏற்கப்பட்டது. இங்கே காசின் பழைய பெயராக மட்டும் அதைக் குறிக்கிறேன்.) தன் ஆடம்பரத்துக்கு உலகப் புகழ் பெற்ற வெனிஸ் தலைவர், தென்பாண்டிச் சீமையில் பனையேறியாகக் கருதப்பட்டார் என்பதை அவர் அறிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ! என்னைக் கேட்டால், லத்தீன் எழுத்துக்கள் சொல்வதைவிட நம் ஜனங்கள் செய்த வியாக்கியானமே ரசமாயிருக்கிறது.

மகாராஷ்டிரத்தில் இதே காசு 'புதளி' ஆயிற்று. பதுமை போட்ட காசு என்று பொருள். மலையாள தேசத்தில் 'ஆமாடை' என்ற பெயரோடு இதைக் கோத்து அணிந்தார்கள். வெனிஸில் தங்கசாலைக்கு 'ஸெக்கா' என்று பெயர். அதனால் காசை 'ஸெக்கினோ' என்றும் சொல்வார்கள். இந்தியாவிலிருந்த ஆங்கிலேயர் அதைச் 'சிக்கீன்' என்று திரித்து, பிறகு 'சிக்' என்று குறுக்கி, நாலு ரூபாய்க்குச் செல்லப் பெயராக்கிக்கொண்டார்கள்.

இவ்வளவு தூரம் இந்தக் காசு ஏன் வந்தது? நமக்கு வேண்டிய சரக்கு அவர்களிடம் அதிகம் இல்லை. அவர்களுக்கு வேண்டியதெல்லாம் நம்மிடம் இருந்தது என்பதே காரணம். மிளகு, ஏலம், துணி எல்லாவற்றுக்கும் பொன்னாகவோ வெள்ளியாகவோதான் விலை கொடுக்க வேண்டியிருந்தது. இந்தியா ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டெர்ஸ் நாணயங்களை விழுங்குகிறதே என்று ரோமாபுரியின் பிளினி கி.பி. முதல் நூற்றாண்டிலேயே அங்கலாய்த்திருக்கிறார். வெனிஸின் டுக்காட் அலெக்ஸாந்திரியா, செங்கடல், அரபு நாட்டுத் துறைமுகங்கள் வழியாக மலையாளக் கரைக்கு வந்தது. பின்னால் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் கப்பலிலேயே பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். 1765-இல் வங்காளத்தின் வரி வசூல் உரிமை கம்பெனியின் கைக்குப் போயிற்று. நம் ஜனங்கள் கட்டிய வரியைக் கொண்டே நம் சரக்கை வாங்கலாம் என்றான பிறகு, அவர்கள் பொன் கொண்டுவர வேண்டிய அவசியம் குறைந்து போயிற்று. அந்தச் சரித்திரத்தை நேயர்கள் அறிவார்கள்; இங்கே விரிக்கவில்லை.

வந்த ஐரோப்பியப் பொன்னெல்லாம் காசாகவே தங்கிவிடவும் இல்லை. சென்னைப் பட்டணத்தில் கோட்டை கட்ட 1639-இல் நாயக்கர் அளித்த சாஸனத்திலேயே நாணயம் அடிக்கும் உரிமையும் சேர்ந்திருந்தது. கடைவீதியில் குடிகளும் வியாபாரிகளும் கேட்டது வராகன். ஆகையால், கப்பலில் வந்த அந்நியப் பொன்னைக் கோட்டைத் தங்கசாலையில் உருக்கி வராகனாக அடித்துக் கொடுத்தார்கள். அதில் என்ன சித்திரம் என்கிறீர்கள்? விஜயநகரத்து வழக்கப்படி, தேவியர் இருவரோடு நிற்கும் பெருமாள்! 'மூன்று சுவாமி வராகன்' என்று அதற்குப் பேர். தினந்தோறும் பைபிள் படித்த கம்பெனிக் கனவான்கள், லாபம் என்று வந்தால் வேங்கடவனையும் அச்சடிக்கத் தயங்கவில்லை. 18-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து, பெருமாள் ஒரு பக்கமும் நட்சத்திரம் மறு பக்கமுமாக 'நட்சத்திர வராகன்' வந்தது. எடை ஏறக்குறைய 3.4 கிராம், அதில் நூற்றுக்கு 80 பங்கு பொன். ஒரு வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு என்பது சென்னைக் கணக்கு. 1818-இல் இந்தக் கணக்கை ஒழித்து, 100 வராகனுக்கு 350 ரூபாய் என்று மாற்றினார்கள்.

வராகன் எவ்வளவு பெரிய பணம் என்பதற்குத் தென் சென்னைக்காரர் தினமும் கடந்து செல்லும் ஓர் இடமே சாட்சி. சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் இன்று மறைமலை அடிகள் பாலம் இருக்கிறதல்லவா? அங்கே முதலில் இருந்த மர்மலாங் பாலத்தை 1726-இல் தம் சொந்தப் பணத்தில் கட்டுவித்தவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வியாபாரி. பரங்கிமலைக்கு ஏறும் படிக்கட்டுகளும் அவர் கைங்கரியமே. பாலத்துக்கு 30,000 வராகன் செலவழித்து, பழுது பார்க்க 1,500 வராகன் தனியே வைத்தார். பிற்கால நட்சத்திர வராகனின் எடையைக் கொண்டு கணக்கிட்டால், 30,000 வராகன் என்பது நூறு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட காசுக் குவியல்! இதற்கு முன், 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கோட்டையின் கவர்னர் தாமஸ் பிட் ஒரு பெரிய வைரத்தை 48,000 வராகனுக்கு வாங்கி, பிறகு சீமைக்கு அனுப்பி, 1717-இல் பிரான்ஸ் தேசத்து ராஜப் பிரதிநிதிக்குப் பல மடங்கு விலைக்கு விற்றார். இந்தியாவில் பணம் சேர்ப்பதை ஆங்கிலேயர் 'வராகன் மரத்தை உலுக்குவது' என்று சொல்லிக்கொண்டார்கள். ஒருவர் உலுக்கிய மரத்தில் இன்னொருவர் பாலம் கட்டியிருக்கிறார். உஸ்கான் 1751-இல் காலமானார். பாலம் 1960-களில் மாறிவிட்டது, படிகள் இருக்கின்றன.

ஆகவே, ஐரோப்பாவின் பழைய பொற்காசு நம் நாட்டில் அருமையாய்க் கிடைப்பதற்குக் காரணம் வராமற் போனது அன்று, வந்து உருகியதுதான். முதலில் கோட்டைத் தங்கசாலையின் மூசை, இப்போது நகைக் கடையின் மூசை. இடையில் தப்பியவை, பெண்கள் நகையாக்கிக்கொண்ட காசுகளும், புதைத்து வைத்தவையும், கோயில் பொக்கிஷங்களில் காணிக்கையாய்ச் சேர்ந்தவையுமே. 2011-இல் திருவனந்தபுரம் பத்மநாப சுவாமி கோயிலின் அறைகளைத் திறந்தபோது ஐரோப்பியக் காசுகளும் இருந்தன என்று செய்தித்தாள்கள் எழுதியது நினைவிருக்கலாம்.

மற்ற நாட்டார் காசுகளைப் பற்றியும் இரண்டொரு வார்த்தை. போர்த்துகீசியர் கோவாவில் 16-ஆம் நூற்றாண்டிலேயே பொற்காசு அடித்தார்கள். அதில் தோமையார் உருவத்தைப் பொறித்து, 'ஸான் தோமே' என்றே அழைத்தார்கள். மயிலைச் சாந்தோமுக்கும் பரங்கிமலைக்கும் உரிய அதே தோமையார்தான். டச்சு டுக்காட் 1586 முதல் வருவது: கவசம் பூண்ட வீரன் ஒரு கையில் வாளும் மறு கையில் அம்புக் கட்டும் ஏந்தி நிற்பான். டச்சுக்காரர் பழவேற்காட்டிலும், பின்பு நாகப்பட்டினத்திலும் நம் பாணியில் வராகனும் அடித்தார்கள். 1620 முதல் 1845 வரை தரங்கம்பாடியில் இருந்த டேனிஷ்காரர் ஈயத்திலும் செம்பிலும் ஏராளமாய்க் காசு விட்டார்கள். அவர்களுடைய பொன் வராகன் கிடைப்பது குதிரைக் கொம்பு. புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரரின் வராகன் வியவகாரங்களை ஆனந்தரங்கம் பிள்ளையின் தினசரியில் காணலாம். இங்கிலாந்தின் 'கினி' 1663-இல் பிறந்தது. இரண்டாம் ஜார்ஜ் காலத்தில், கிழக்கிந்தியக் கம்பெனி கொடுத்த பொன்னில் அடித்த கினிகளில், மன்னர் தலைக்குக் கீழே கம்பெனியின் மூன்று முதலெழுத்துக்கள் இருக்கும். 1729 முதல் 1739 வரையில் சில வருஷங்களில் வந்தவை. சேகரிப்போர் இவற்றுக்குத் தனி மதிப்புக் கொடுக்கிறார்கள். நாம் பவுன் என்று சொல்லும் 'சவரன்' 1817-இல் வந்த பிற்காலத்துப் பிள்ளை, அது ஏராளம். நகைக் கணக்கில் எட்டுக் கிராமை ஒரு பவுன் என்பது அதன் எடையிலிருந்து வந்ததே.

இனி, வீட்டில் ஒரு காசு அகப்பட்டால் என்ன செய்வது?

முதற் காரியம், அதைத் தேய்க்காதிருப்பது. புளி, பூந்திக் கொட்டை, பல்பொடி எதுவும் ஆகாது. ஆசாரியிடம் மெருகுக்குக் கொடுப்பது எல்லாவற்றிலும் மோசம். நல்ல தங்கத்துக்குத் துரு இல்லை. மங்கலாய்த் தெரிவது முந்நூறு வருஷத்துக் கைபட்ட தடம். அதைத் தேய்த்தால் கூடவே எழுத்தும் தேயும். வளையத்தைப் பிடுங்குவதும் வேண்டாம். துளையும் வளையமும் உள்ள காசைச் சேகரிப்போர் குறைந்த விலைக்கே கேட்பார்கள் என்பது மெய். ஆனால் பிடுங்கிய தழும்பு அதைவிடப் பெரிய குறை.

அடுத்தது எழுத்து. வெனிஸ் காசில் டோஜின் பெயர் இருக்கும். அதுதான் காலத்தைச் சொல்லும். கடைசி டோஜ் லுடோவிக்கோ மானின் பெயர் இருந்தால் 1789-க்கும் 1797-க்கும் இடைப்பட்டது. பூதக் கண்ணாடி வைத்துப் பார்த்தும் எழுத்துக்கள் எழுத்தாகவே தோன்றாமல், கோடும் வளைவுமாக ஓடினால், அது நம் நாட்டுத் தட்டான் பார்த்துச் செய்த பிரதியாயிருக்கக்கூடும். அப்படிப்பட்ட பிரதிகள் இந்தியாவில் மிகப் பல. லத்தீன் தெரியாத கை, கண்ட வடிவைக் கண்டபடி செதுக்கியிருக்கும். இதை மோசடி என்று ஒதுக்கிவிடக் கூடாது. நகைக்கென்று நல்ல பொன்னிலேயே செய்தவை பல. வெனிஸ் காசைவிட இவற்றின் மேல்தான் எனக்குப் பிரியம் அதிகம். அயல் நாட்டுச் சித்திரத்தைப் பார்த்து, தெரியாத எழுத்தைத் தைரியமாய் எழுதிய அந்தத் தட்டானின் பெயர் எந்த மியூஸியத்தில் இருக்கிறது?

சுத்த மோசடி வேறு இருக்கிறது. "அஸ்திவாரம் தோண்டினோம், புதையல் கிடைத்தது, வெளியே சொல்ல முடியவில்லை, பாதி விலைக்குத் தருகிறோம்" என்று வருவார்கள். முதலில் காட்டும் ஒரு காசு அசலாயிருக்கும். பணம் கொடுத்த பிறகு வரும் பானை நிறையப் பித்தளை. தாம்பரம், வண்டலூர்ப் பக்கங்களில் வயலும் ஏரிக்கரையும் மனைகளாகிக்கொண்டே வருவதால், இந்தக் கதையை நம்புவதற்கும் ஆள் இருக்கிறார்கள். அவர்களுக்காக ஒரு சுலபமான சோதனை. நுண்ணிய எடை காட்டும் சிறிய தராசில் ஒரு கோப்பைத் தண்ணீரை வைத்து, அளவைச் சூனியமாக்கிக்கொள்ளுங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, கோப்பையின் அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் முழுதும் அமிழும்படி தொங்கவிடுங்கள். மூன்றரைக் கிராம் எடையுள்ள அசல் டுக்காட்டானால் தராசு ஏறக்குறைய 0.18 கிராம் காட்டும். அதே எடையுள்ள முலாம் பூசிய வெள்ளியானால் 0.33, பித்தளையானால் 0.41. வராகனில் கலப்பு அதிகமாதலால் 0.2-க்குச் சற்று மேலே போகும். வளையம் பற்றவைத்த காசில் இந்தக் கணக்குப் பிசகும் என்பதை மறக்க வேண்டாம். ஆர்க்கிமிடீஸ் ராஜாவின் கிரீடத்துக்குச் செய்தது இதுதானாம்; நாம் சமையலறையில் செய்துகொள்ளலாம்.

உண்மையாகவே புதையல் கிடைத்துவிட்டால்? 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் இருக்கிறது. மண்ணில் மறைந்திருந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேற்பட்டதானால் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். நூற்று நாற்பது வருஷத்துக்கு மேலாகியும் அந்தப் பத்து ரூபாயைச் சர்க்கார் உயர்த்தவில்லை! மறைத்தால் ஒரு வருஷம் வரையில் சிறை விதிக்கலாம். தெரிவித்தவருக்கு ஒன்றுமே கிடைக்காது என்று ஜனங்கள் எண்ணுவது தவறு. உரிமையாளர் எவரும் இல்லை என்று தீர்மானமானால், பிரிவினையைப் பற்றி ஒப்பந்தம் இல்லாதவிடத்து, கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கும் நிலக்காரருக்குக் கால் பங்கும் என்று சட்டம் சொல்கிறது. சர்க்காரே எடுத்துக்கொள்வதானால், உலோகத்தின் விலையும் அதில் ஐந்தில் ஒரு பங்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இந்த விதி தெரியாததாலேயே பயந்து, இரவோடு இரவாக உருக்கிவிடுகிறவர்கள் உண்டு. 1968 முதல் 1990 வரையில் அமலிலிருந்த தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டமும் அந்தப் பயத்துக்கு உரம் போட்டது.

பரம்பரையாய் வந்த காசை வைத்திருப்பதில் தோஷம் இல்லை. ஆனால் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட நாணயம் 1972-ஆம் வருஷத்துச் சட்டப்படி தொல்பொருள். அதைத் தனி மனிதர் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. அவ்வகைப் பொருள்களை வியாபாரமாக விற்கிறவருக்கு லைசென்ஸ் வேண்டும். அமெரிக்காவிலிருந்து வந்து போகும் பிள்ளையின் பெட்டியில் "ஞாபகார்த்தமாய் இருக்கட்டும்" என்று போட்டு அனுப்பும் தாய்மார் இதைக் கவனிக்க வேண்டும்.

சேகரிப்பில் இறங்க விரும்புவோர் படிக்கவும் நம் ஊரிலேயே அச்சான புத்தகங்கள் உண்டு. தென்னிந்திய நாணயம் சேகரிப்போருக்குக் குறிப்புகள் என்று காப்டன் டஃப்னெல் 1889-இல் சென்னையில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். எழும்பூர் மியூஸியத்தின் மேலதிகாரியாயிருந்த எட்கர் தர்ஸ்டன் கம்பெனி நாணயங்களின் சரித்திரத்தை 1890-இல் எழுதினார். திருச்சி தேசிகாச்சாரியாரின் தென்னிந்திய நாணய நூல் 1933-இல் வந்தது. நம்மவர் ஒருவர் எழுதியது என்பதற்காக மட்டுமல்ல, காசின் மேல் உள்ள தெய்வ உருவங்களை அடையாளம் சொல்லும்போது அவர் தடுமாறுவதில்லை என்பதற்காகவும் முதலில் அதையே எடுக்கச் சொல்வேன்.

கல்யாணத்துக்குப் பணம் வேண்டும், காசு மாலையை மாற்றித்தான் ஆக வேண்டும் என்ற நிலைமை எந்தக் குடும்பத்துக்கும் வரக்கூடியதே. அப்போதும், கடைக்குப் புறப்படுமுன் ஒரு நாள் தாமதித்து, ஒவ்வொரு காசையும் இரு பக்கமும் படம் எடுத்து, எடை குறித்து, யாருடைய நகை, எந்த ஊரிலிருந்து வந்தது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதிக்கொள்ளலாம். லட்சுமி உருவம் அடித்த தற்காலத்துத் தகடுகள்தாம் என்றால் கவலையின்றிக் கொடுத்துவிடலாம். வராகனோ டுக்காட்டோ போலத் தோன்றினால், அந்த ஒரு காசை மட்டுமாவது கழற்றி வைத்துக்கொண்டு, எழும்பூர் மியூஸியத்துக்குப் போய் அங்கே நாணயப் பகுதியிலுள்ள காசுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் எழும்பூரில் இறங்கினால் மியூஸியம் சமீபத்தில்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை விடுமுறை.